தலை பக்கம் ராஜா, பூ பக்கம் ஊரு: ரோமானிய மாகாணத்து வெண்கலக் காசுங்க

என்கிட்ட ஒரு வெண்கலக் காசு இருக்கு, அகலம் கிட்டத்தட்ட நம்ம பத்து ரூபா காசு அளவுதான், ஆனா கையில வச்சா கனம் ஒண்ணரை மடங்கு தெரியும், கரும்பச்சையா பாசி படிஞ்ச மாதிரி நெறம். தலை பக்கத்துல ஒரு மூஞ்சி இல்ல, ரெண்டு. எதிரும் புதிருமா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க, ஒருத்தர் தாடி வச்ச பெரியவர், இன்னொருத்தன் சின்னப் பையன். பெரியவர் ரோமானிய சக்கரவர்த்தி மக்ரினஸ், பையன் அவரோட மகன் டயடுமேனியன். காசு அடிச்சப்ப அவனுக்கு ஒம்பது வயசு இருக்கும். பூ பக்கத்துல ஹெர்மெஸ் சாமி கையில பணப்பையோட நிக்கறார், பக்கத்துல தனியா ஒரு கிரேக்க எழுத்து, எப்சிலான். கிரேக்கத்துல எழுத்தையே எண்ணாவும் எழுதுவாங்க, அதுல எப்சிலான்னா 5. அதாவது இது அஞ்சு அஸ்ஸாரியன் காசு, அஸ்ஸாரியன்ங்கறது அந்தக் கிழக்குப் பக்கத்து வெண்கலச் சில்லறையோட அலகு.

சுத்தி எழுதியிருக்கறதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். கிரேக்கத்துல "பொந்தியானஸ் கவர்னரா இருக்கறப்ப, மார்க்கியானோபோலிஸ்காரங்களோடது"ன்னு இருக்கு. ராஜாவோடதுன்னு இல்ல, ரோமோடதுன்னு இல்ல, மார்க்கியானோபோலிஸ்காரங்களோடது. எங்க ஊரு காசுன்னு ஊருக்காரங்களே சொல்லிக்கறாங்க. இந்த வகைக் காசுல பெரும்பாலானதுல ஊர்ப் பேரு இப்படித்தான் "ஓன்"னு முடியும், அந்த விகுதிக்கு அர்த்தமே "இன்னாரோட"ன்னுதான். ரோமானிய சாம்ராஜ்யத்தோட சரித்திரத்தை ரோம் சொல்லி நாம நிறைய கேட்டாச்சு, சாம்ராஜ்யத்துக்குள்ள இருந்த ஊருங்க தன் வாயால சொன்னது என்னன்னு கேக்கணும்னா இந்த வெண்கலத்தைத்தான் கையில எடுக்கணும்.

கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கறேன். தங்கமும் வெள்ளியும் சாம்ராஜ்யத்தோட காசு, சம்பளம், வரி, பெரிய யாவாரம் எல்லாம் அதுல நடக்கும். (அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா மாதிரி சில எடத்துல உள்ளூர் வெள்ளியும் உண்டு.) ஆனா ரொட்டி வாங்க, குளிக்கற கூடத்துக்கு போக, சந்தையில கீரை வாங்க சில்லறை வேணுமே, கிழக்குப் பக்கத்து மாகாணங்கள்ல அந்த சில்லறைய பெரும்பாலும் ஊருங்களே அடிச்சுக்கிட்டாங்க, ரோம் அதை அனுமதிச்சுது. மேற்குல, குறிப்பா ஸ்பெயின்ல, இந்த வழக்கம் கி.பி. முதல் நூற்றாண்டு நடுவுலயே நின்னு போச்சு. கிழக்குல கிரீஸ், திராகியா, துருக்கி, சிரியா, பாலஸ்தீனம் வரைக்கும் இன்னும் 200 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. மொத்தம் 600க்கும் மேற்பட்ட ஊருங்க. ஒவ்வொண்ணும் தன் கோயில், தன் ஆறு, தன் சாமி, தன் புராணக்கதைன்னு பூ பக்கத்துல போட்டுக்கிச்சு. முன்னாடி இதையெல்லாம் "கிரேக்க இம்பீரியல்"னு ஒரு மூலையில ஒதுக்கி வச்சிருந்தாங்க, கிரேக்கக் காசு சேர்க்கறவங்களுக்கும் வேணாம், ரோமன் காசு சேர்க்கறவங்களுக்கும் வேணாம்ங்கற நெலமை. 1992ல ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ்ங்கற பெரிய பட்டியலோட முதல் தொகுதி, ஆண்ட்ரூ பர்னெட், மிஷேல் அமாந்த்ரி, பெரே பாவ் ரிப்பொய்யேஸ் மூணு பேரும் சேந்து போட்டது, அது வந்த பிறகுதான் இதுக்கு ஒரு ஒழுங்கான அடையாள எண், ஒழுங்கான பேரு எல்லாம் கெடைச்சுது.

நம்ம பக்கத்துல ரோமன் காசுன்னா கரூர் அமராவதி ஆத்து மணல்ல கெடைச்சது ஞாபகம் வரும். ஆனா நம்ம கரைக்கு வந்த ஆரம்பகால காசெல்லாம் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளியும் தங்கமும், மிளகு வாங்க வந்த காசு. பின்னால நாலாம் அஞ்சாம் நூற்றாண்டுல வந்த சின்னச் சின்ன செப்புக்காசும் சாம்ராஜ்யத்து அக்கசாலைங்கள்ல, அதாவது காசு அடிக்கற பட்டறைங்கள்ல, அடிச்சதுதான். நான் சொல்ற ஊர்க்காசு கடல் தாண்டுற ரகமே இல்ல. மார்க்கியானோபோலிஸ்ல அடிச்ச வெண்கலத்துக்கு அந்த மாகாணத்தை தாண்டினா பெரிசா மதிப்பு கெடையாது, அதுனால அது அடிச்ச எடத்துக்கு பக்கத்துலயே செலவாகி, தொலைஞ்சு, மண்ணுல கெடந்துச்சு. அந்தக் காரணத்தாலயே அது உள்ளூர் விஷயத்தை இவ்வளவு வெளிப்படையா பேசுது, வெளியூர்க்காரனுக்கு புரியணுங்கற கவலை அதுக்கு இல்ல.

மார்க்கியானோபோலிஸ் இன்னிக்கு பல்கேரியால தெவ்னியாங்கற ஊரு. ட்ரேஜன் சக்கரவர்த்தி தன் அக்கா மார்க்கியானா பேர்ல அமைச்ச ஊரு அது. அங்கேர்ந்து மேற்கால அதே ட்ரேஜன் டேசியா யுத்த வெற்றிக்காக அமைச்ச நிகோபோலிஸ். இந்த ரெண்டு ஊரும் மக்ரினஸ் காலத்துல காசு அடிச்சுத் தள்ளியிருக்காங்க. இதுல ஆச்சரியம் என்னன்னா மக்ரினஸ் ஆண்டதே மொத்தம் 14 மாசம்தான்.

அவர் கதை இதுதான். 217 ஏப்ரல் 8, கரகல்லா சக்கரவர்த்தி இப்ப துருக்கில ஹர்ரான்னு சொல்ற எடத்துக்கு பக்கத்துல போய்க்கிட்டு இருக்கறப்ப வழியில ஒதுங்கின எடத்துல குத்திக் கொல்லப்படறார், பின்னால இருந்து ஏற்பாடு பண்ணது காவல்படை தலைவர் மக்ரினஸ். மூணு நாள்ல அவரே சக்கரவர்த்தி. அல்ஜீரியா பக்கத்து ஆளு, செனட்டர் கூட இல்ல, அப்படி ஒருத்தர் அந்த நாற்காலில உக்காந்தது அதுதான் முதல் தடவை. சக்கரவர்த்தி ஆன பிறகு ரோம் நகரத்துல அவர் கால் வச்சதே இல்ல. மகனுக்கு சீசர்ங்கற இளவரசுப் பட்டம் குடுத்தார், தன் வம்சம் நெலைக்கும்னு நம்பினார். அடுத்த வருஷம் மே மாசம் சிரியால எமெசா ஊர்லேர்ந்து 14 வயசுப் பையன் ஒருத்தனை, கரகல்லாவோட பிள்ளைன்னு அவன் பாட்டி ஜூலியா மேசா சொல்லி, படை தூக்கி நிறுத்திடுச்சு, அவன்தான் எலகபாலஸ். ஜூன் 8 அந்தியோக்கியா பக்கத்துல சண்டை, மக்ரினஸ் தோத்துட்டார். வேஷம் மாத்திக்கிட்டு ஆசியா மைனர் (இன்னிக்கு துருக்கி) பூரா குறுக்க ஓடி, கால்செடோன் வரைக்கும் வந்துட்டார், எதுத்தாப்ல ஒரு குறுகலான கடல், தாண்டினா ஐரோப்பா, அங்க வச்சு புடிச்சுட்டாங்க. திரும்ப கூட்டிட்டு போற வழியில கொன்னுட்டாங்க. பையனை ரோமுக்கு கிழக்கால இருந்த பார்த்தியாங்கற நாட்டு ராஜாகிட்ட அடைக்கலமா அனுப்பியிருந்தார், அவனையும் யூப்ரட்டீஸ் கரையில ஜியூக்மாங்கற ஊர்ல புடிச்சு முடிச்சுட்டாங்க. பத்து வயசு கூட நெறஞ்சிருக்காது.

இதை படிச்சுட்டு அந்தக் காசை எடுத்துப் பாருங்க, அப்பாவும் மகனும் எதிரும் புதிருமா இருக்கறதோட கனம் வேற மாதிரி இருக்கும். அதுக்கும் மேல அந்த கவர்னர் பேரு. மக்ரினஸோட அந்த 14 மாசத்துல இந்த மாகாணத்துக் காசுல பொந்தியானஸ், அக்ரிப்பா, லாங்கினஸ்னு வேற வேற பேரு வருது. மேல ராஜா மாறினதும் கீழ ஆளுங்களை எவ்வளவு வேகமா மாத்தினாங்கங்கறது காசுலயே பதிஞ்சிருக்கு. ரோம்ல அடிச்ச வெள்ளி டினாரியஸ்ல இந்த விவரம் கெடையவே கெடையாது.

கவர்னர் பேருன்னு சொன்னதும் இன்னொருத்தரை சொல்லாம விட முடியல, துல்லியஸ் மெனோபிலஸ். 238ல மாக்ஸிமினஸ் சக்கரவர்த்தி பெரும் படையோட இத்தாலிக்குள்ள எறங்கி அக்விலேயா நகரத்தை முற்றுகை போட்டப்ப உள்ள இருந்து ஊரைக் காப்பாத்தின ரெண்டு பேர்ல இவர் ஒருத்தர். மாக்ஸிமினஸை அவரோட படையே வெளில வச்சு கொன்னுடுச்சு. அடுத்து இவரை டான்யூப் கரைக்கு கவர்னரா அனுப்பறாங்க. டான்யூபுக்கு அந்தப் பக்கத்து கோத் கூட்டத்துக்கு ரோம் பணம் குடுக்குதுன்னு கேள்விப்பட்டு, அதே பக்கத்து கார்ப்பி கூட்டத்துக்காரங்க எங்களுக்கும் குடுன்னு தூது அனுப்பினாங்களாம், இவர் அவங்களை பல நாள் காக்க வச்சு, அவங்க கண்ணு முன்னாடியே தன் படைக்கு தெனம் பயிற்சி குடுத்துக்கிட்டு இருந்தாராம். அதே மனுஷன் பேரு பதிமூணு வயசுல ராஜாவான மூணாம் கார்டியன் மூஞ்சியோட மார்க்கியானோபோலிஸ் காசுல இருக்கு. தேடினா சாதாரணமா கெடைக்கற காசுதான்.

அச்சு விஷயத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. பக்கத்து பக்கத்து ஊர்க் காசுங்கள்ல ராஜா மூஞ்சி அப்படியே ஒண்ணா இருக்கும், சாயல்ல மட்டும் இல்ல, ஒரே அச்சுல அடிச்சது. ஆசியா மைனர் காசுங்களை வச்சு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் கொன்ராட் கிராஃப்ட் இதை வரிசை வரிசையா காட்டினார், அது 1972ல வெளிவந்தது. அதாவது எல்லா ஊரும் சொந்தமா அக்கசாலை வச்சிருக்கல, ஒரே பட்டறை பல ஊருக்கு அடிச்சுக் குடுத்திருக்கு. தலை பக்க அச்சு பொது, பூ பக்க அச்சு மட்டும் அந்தந்த ஊருக்கு தனியா வெட்டறது. என் தலைப்பு அதுலேர்ந்து வந்ததுதான்: ராஜா எல்லாருக்கும் ஒண்ணு, ஊரு மட்டும் அவங்கவங்களோடது.

அந்த பூ பக்கத்துல ஊருங்களுக்குள்ள நடந்த போட்டி இருக்கே, அது கோயில் திருவிழால முதல் மரியாதை யாருக்குன்னு நம்ம ஊர்ல நடக்கற வழக்கு மாதிரியே இருக்கும். சக்கரவர்த்தி வழிபாட்டுக்கு கோயில் கட்டிக்க ரோம் அனுமதி குடுத்தா அந்த ஊருக்கு "நியோகோரோஸ்"னு பட்டம், கோயில் காப்பாளர்னு அர்த்தம். எபேசஸ், பெர்கமோன், ஸ்மிர்னா மூணுக்கும் இதுல தீராத பகை. பெர்கமோன் கரகல்லா காலத்துல "மூணு தடவை நியோகோரோஸ் ஆன முதல் ஊரு"ன்னு போட்டுக்கிச்சு, எபேசஸ் எலகபாலஸ் காலத்துல நாலாவது தடவையும் வாங்கி நாலு கோயிலை ஒரே காசுல வரிசையா வெட்டிக்கிச்சு, அவன் செத்ததும் அந்த நாலாவது பட்டம் போயிடுச்சு. இதைவிட ஆச்சரியம் அதே ஆசியா மைனர்ல பிரிஜியாங்கற பகுதியில அபமேயாங்கற ஊரு. அந்த ஊருக்கு பட்டப்பேரு கிபோடோஸ், பெட்டின்னு அர்த்தம். அவங்க காசுல ஒரு பெட்டி தண்ணில மெதக்குது, உள்ள ஆணும் பொண்ணும், மேல பறவை, பெட்டி மேலயே "நோயே"ன்னு எழுதியிருக்கு. பைபிள் நோவாதான். யூதர்களோட பிரளயக் கதை ஒரு ரோமானிய ஊரோட அரசாங்கக் காசுல வந்திருக்கு, அதுவும் செப்டிமியஸ் செவெரஸ் காலத்துலேர்ந்து மூணாம் நூற்றாண்டு நடு வரைக்கும் பல தடவை.

வன்மமும் காசுல பதியும். 211 டிசம்பர்ல கரகல்லா தன் தம்பி கேட்டாவை கொன்னுட்டு அவன் பேரையும் மூஞ்சியையும் எங்கேயும் இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். கேட்டா மூஞ்சி போட்ட காசை உருக்கச் சொன்னார்னு அந்தக் காலத்துலயே வாழ்ந்த காசியஸ் டியோ எழுதியிருக்கார். ஆசியா மைனர்ல காரியா பகுதியில ஸ்ட்ரடோனிகேயா ஊர்ல அண்ணனும் தம்பியும் எதிரும் புதிருமா இருக்கற பெரிய வெண்கலக் காசுங்க இருந்துச்சு. அந்த ஊருக்காரங்க காசை உருக்கல. தம்பி மூஞ்சியை மட்டும் உளி வச்சு செதுக்கி எடுத்துட்டு, மேல முத்திரை குத்தி, திரும்ப பொழக்கத்துல விட்டுட்டாங்க. அண்ணன் வெறும் பள்ளத்தை பாத்துக்கிட்டு இருக்கார். ஒரு தடவை பாத்தா அந்தப் பள்ளம் மறக்காது.

எனக்கு எல்லாத்தையும் விட மனசுக்கு நெருக்கமானது விமினாகியம் காசுங்க. இன்னிக்கு செர்பியால கொஸ்தோலாக் பக்கத்துல, நிலக்கரி சுரங்கத்துக்கு நடுவுல இருக்கு அந்த ஊரு, 2020ல அந்த சுரங்கம் தோண்டறப்ப ரோமானிய காலத்து படகு ஒண்ணு வெளில வந்துச்சு. மேல் மோசியா மாகாணத்துக்கு தலைநகரம். 239ல மூணாம் கார்டியன் இந்த ஊருக்கு ரோமானிய காலனிங்கற அந்தஸ்து குடுத்தப்ப காசு அடிக்க ஆரம்பிச்சாங்க, எழுத்து கிரேக்கம் இல்ல, லத்தீன். படம் எல்லா வருஷமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: நடுவுல மாகாணமே ஒரு பொம்பளையா நிக்கறா, ஒரு பக்கம் எருது, ஒரு பக்கம் சிங்கம். எருது ஏழாவது கிளாடியா படைப்பிரிவோட சின்னம், சிங்கம் நாலாவது ஃப்ளேவியாவோடது, ரெண்டும் அந்த மாகாணத்தை காவல் காத்த படைங்க. காலுக்கு கீழ வருஷ எண். வருஷம் 1, வருஷம் 2ன்னு ஊரு தன் காலனி வயசை தானே எண்ணிக்கிட்டு போகுது.

இப்ப அந்த எண்ணை மட்டும் புடிச்சுக்கிட்டு தலை பக்கத்தை திருப்பித் திருப்பி பாருங்க. முதல்ல கார்டியன், சின்னப் பையன் மூஞ்சி. அப்புறம் பிலிப். அப்புறம் டெசியஸ். வருஷம் 12க்கு வந்தா டெசியஸ் இருக்கார், அவர் குடும்பத்து ஆளுங்க இருக்காங்க, அதே வருஷம் 12ல ட்ரெபோனியானஸ் கேலஸும் இருக்கார். ஏன்னா 251ல டெசியஸும் பெரிய மகன் ஹெரென்னியஸும் பல்கேரியால அப்ரிட்டஸ் பக்கத்து சதுப்புல கோத் படைகிட்ட தோத்து செத்தாங்க, ரோமானிய சக்கரவர்த்தி ஒருத்தர் அந்நியப் படையோட சண்டைல செத்தது அதுதான் முதல் தடவை. சின்ன மகன் ஹோஸ்டிலியனும் அதே வருஷம் போயிட்டான். வருஷம் 14ல எமிலியன், அந்தப் பக்கத்து படையே தூக்கி ராஜாவாக்கின கவர்னர், மூணு மாசம்தான், அதே படையே கொன்னுச்சு. ஒடனே வலேரியன், கேலியனஸ். அந்தப் பொம்பளையும் எருதும் சிங்கமும் அதே எடத்துல நிக்கறாங்க, தலை பக்கம் மட்டும் வருஷத்துக்கு ஒரு மூஞ்சி. காசும் வர வர சின்னதாகி, மெலிஞ்சு, வெட்டு கரடுமுரடா ஆகுது. மூணாம் நூற்றாண்டு நெருக்கடின்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டு போற விஷயத்தை இந்த ஒரே ஊரோட பத்து காசை வரிசையா அடுக்கினா கண்ணால பாக்கலாம். புதுசா ஆரம்பிக்கறவங்க யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்றேன், அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு வாங்காம ஒரு ஊரை புடிங்க.

வாங்கறப்ப கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. திராகியா, மோசியா, ஆசியா மைனர் காசு நடுவுல ரெண்டு பக்கமும் குண்டூசி குத்தின மாதிரி ஒரு சின்னக் குழி இருக்கும், ஓட்டை போட பாத்திருக்காங்கன்னு நெனச்சு ஒதுக்கிடாதீங்க, அடிக்கறதுக்கு முன்னாடி அந்த வில்லையை நடுவுல புடிச்சு சுத்தி வழவழன்னு ஆக்கினதோட தடம் அது. போலி பெரும்பாலும் வார்ப்புல வரும், வெளிம்புல சுத்தி ஒரு கோடு, மேல்பரப்புல குமிழி குமிழியா குழி, எழுத்து சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும். ஒரே மாதிரி ரெண்டு காசு, ஒரே எடத்துல ஒரே கீறலோட இருந்தா ரெண்டுமே வேணாம்.

அப்புறம் களிம்பு. கரும்பச்சை கெட்டியான படலம் காசுக்கு தோலு மாதிரி, அதை எடுக்கவே கூடாது. பித்தளை குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி புளி போட்டு தேய்ச்சீங்கன்னா 1800 வருஷம் ஒரே நிமிஷத்துல போயிடும், உள்ள சிவப்பா செத்துப்போன செம்பு மட்டும் மிஞ்சும். ஆனா வெளிறின பச்சையா மாவு மாதிரி புள்ளி வந்து, தட்டினா உதிர்ந்துச்சுன்னா அது நோய், உள்ள தங்கின குளோரைடு ஈரத்தோட சேந்து உலோகத்தை அரிக்குது. நம்ம கடற்கரை ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு அது வேகமா பரவும். எனக்கு ஒரு நிகோபோலிஸ் காசு ஒரே மழைக்காலத்துல இப்படி பாதி எழுத்து போச்சு, இன்னும் மனசு கேக்கல. ஒடனே மத்ததுலேர்ந்து பிரிச்சு வச்சு, காய்ச்சி வடிச்ச தண்ணில வாரக்கணக்கா ஊறப்போட்டு, தண்ணி மாத்தி மாத்தி, நல்லா காய வச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைக்கணும். பிவிசி கவர் வேண்டவே வேண்டாம்.

காசு எங்கேர்ந்து வந்துச்சுங்கறதையும் கேளுங்க, இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். பல்கேரியால ரத்தியாரியான்னு ஒரு ரோமானிய நகரம் டான்யூப் கரையில இருக்கு, புதையல் தேடறவங்க மெட்டல் டிடெக்டர் மட்டும் இல்ல, புல்டோசரே வச்சு அந்த ஊரை குதறி எடுத்துட்டாங்க. குழியிலேர்ந்து எடுத்த காசு, கூட என்ன கெடந்துச்சு, எந்த மண் அடுக்குல கெடந்துச்சு எதுவும் தெரியாம ஒரு டப்பால போட்டு வித்தா, அந்தக் காசு சொல்ல வேண்டியதுல பாதி செத்துப்போச்சு. பழைய சேகரிப்பு, பழைய ஏலப் பட்டியல்னு கைமாறின வரலாறு எழுத்துல இருக்கற காசை கொஞ்சம் காசு கூட குடுத்தாவது வாங்குங்க, கழுவாத காசு மொத்தமா கிலோ கணக்குல வருதுன்னா தொடாதீங்க. நம்ம நாட்டுலயும் 100 வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியா இது எப்படி நின்னுச்சுன்னு சொல்லணும். வெள்ளிக்காசுல வெள்ளி கொறைஞ்சுக்கிட்டே வந்து கேலியனஸ் காலத்து முடிவுல அது செம்பு மேல பூசின முலாம் ஆயிடுச்சு. அந்த "வெள்ளி"க்கு இணையா தடிமனான வெண்கலத்தை சில்லறையா அடிக்கறது எந்த ஊருக்கும் கட்டுப்படி ஆகல, உலோகமே காசோட மதிப்பை விட கூடிப்போச்சு. பழைய காசு மேல புது மதிப்பை முத்திரையா குத்திப் பாத்தாங்க, மதிப்பு எண்ணை ஏத்திப் பாத்தாங்க. 260ல வலேரியனை பாரசீக ராஜா ஷாப்பூர் உயிரோட புடிச்சுட்டு போனார். நிகோபோலிஸ் கார்டியனோட நிறுத்திடுச்சு, மார்க்கியானோபோலிஸ் பிலிப்போட, விமினாகியம் கேலியனஸ் ஆட்சி ஆரம்பத்துலயே. 268க்குள்ள கிட்டத்தட்ட எல்லா ஊர் பட்டறையும் மூடியாச்சு. எகிப்துல அலெக்சாந்திரியா மட்டும் தனிக் கணக்கு, அங்க மாகாணக் காசு டயோக்லீஷியன் காலம் வரைக்கும் ஓடுச்சு.

ஊர்க்காசுல கடைசியா நின்னது துருக்கி தெற்குக் கரையில இருந்த பெர்கே. 275ல டேசிடஸ்ங்கற வயசானவர் சக்கரவர்த்தி ஆனார், சில மாசம்தான் இருந்தார், பெர்கேவுக்கு அந்தக் காலத்துல படை வந்து போச்சு, ஊரு அவர் மூஞ்சியை போட்டு, பத்து அஸ்ஸாரியன்னு மதிப்பு குறிச்சு, பூ பக்கத்துல வழக்கம் போல "பெர்கேகாரங்களோடது"ன்னு எழுதி அடிச்சுச்சு. அதுக்கப்புறம் எந்த ஊரும் அப்படி எழுதல.